தொட்டது யாருக்குத் தெரியும்

கபடியில் ஒரு தொடுகை நடந்ததா இல்லையா என்பது இரண்டே பேருக்குத்தான் உறுதியாகத் தெரியும். தொட்டவனுக்குத் தெரியும், தொடப்பட்டவனுக்குத் தெரியும். கோட்டோரம் குனிந்து நிற்கும் அம்பயருக்குத் தெரிவது அதன் வெளித்தோற்றம் மட்டும். ஒரு கை நீண்டது, ஒரு தோள் பின்வாங்கியது, நடுவில் இருந்த இடைவெளி மூடியதுபோல் இருந்தது. அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு அவர் விசில் ஊத வேண்டும். பந்து உள்ள ஆட்டங்களில் சண்டை பந்தைப் பற்றியது. கோட்டைத் தாண்டியதா, மட்டையில் பட்டதா என்று கேட்டால் பந்துக்குச் சாட்சி சொல்ல வாய் இல்லை. கபடியில் பந்து கிடையாது. சாட்சிகள் இருவரும் வாயுள்ளவர்கள், களத்திலேயே நிற்கிறார்கள், இருவரில் ஒருவராவது பெரும்பாலும் உண்மையைச் சொல்வதில்லை. அம்பயரிடம் ஆட்டக்காரர்கள் மல்லுக்கு நிற்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்பயரின் கண் சரியா தவறா என்பது இரண்டாவது கேள்வி.

நல்லம்பள்ளி, தருமபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. அதியமான்கோட்டை ஒரு பக்கம், தொப்பூர்க் கணவாய் இன்னொரு பக்கம். சுற்றியுள்ள கிராமங்களின் இளைஞர்கள் பலருக்கு வேலை பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ இருக்கிறது. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்கள் திரும்பும்போது கபடியும் திரும்புகிறது. அறுவடை முடிந்த காட்டிலோ பள்ளி மைதானத்திலோ செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மிதித்துப் பதமாக்குவார்கள். கொஞ்சம் காசு சேர்ந்த கமிட்டியாக இருந்தால் வாடகைக்கு மேட் எடுத்து விரிப்பார்கள். நான்கு கம்பத்தில் விளக்கு, ஒரு மைக் செட், எடை பார்க்க ஒரு மெஷின், பேர் எழுத ஒரு மேசை. ராத்திரி தொடங்கும் ஆட்டம் விடியும்வரை போகும்.

சண்டை ஆட்டத்துக்கு முன்பே அந்த மேசையில் ஆரம்பித்துவிடும். எடைப் பிரிவு வைத்த போட்டியில் ஒருவன் அரைக் கிலோ கூடுதலாக இருப்பான். உள்ளூர் ஆட்டக்காரர்கள் மட்டும் என்று நோட்டீஸ் போட்டிருக்க, ஓர் அணியில் யாரும் பார்த்திராத முகம் ஒன்று நிற்கும். ஆதார் அட்டை கேட்பார்கள். 'எங்க மாமன் பையன்ங்ணா, இங்கதான் இருக்கான்' என்று பதில் வரும். இவை நிர்வாகத் தகராறுகள், பேசித் தீர்த்துவிடலாம். என் அக்கறை களத்துக்குள் நடப்பதைப் பற்றி.

ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அகலத்தின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் லாபி. பிடிச்சண்டை தொடங்கும்வரை லாபியில் கால் வைக்கக் கூடாது, தொடங்கிவிட்டால் லாபியும் களத்தில் சேர்ந்துவிடும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரே குறைந்தது ஆறு பேர் நிற்கும்போதுதான் போனஸ் செல்லும், அதுவும் ஒரு கால் கோட்டைத் தாண்டி இன்னொரு கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். இத்தனை கோடுகளையும் சுண்ணாம்புத் தூளில் போட்டிருப்பார்கள். இரண்டு ஆட்டம் முடிந்தால் அவற்றில் பாதி இருக்காது. ஏழும் ஏழும் பதினான்கு பேர் உருண்டு புரண்ட மண்ணில் லாபிக் கோடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அம்பயர் 'லைன் அவுட்' என்று கை காட்டுவார். 'கோடே இல்லையே சார், எதை மிதிச்சேன்?' என்று பாடிப் போன ரெய்டர் கேட்பான். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்து ஆட்டங்களில் வெடிக்கும் தகராறுகளில் கணிசமானவை, மறுபடி கோடு போடாமல் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்த கமிட்டியின் அவசரத்தால் வருபவை. பழி என்னவோ விசில் வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

அந்த விசில்காரர் பெரும்பாலும் ஒரு பி.டி. மாஸ்டர், அல்லது முன்பு மாவட்ட அணிக்கு ஆடி, முழங்கால் போய், இப்போது வேறு வேலையில் இருப்பவர். விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு ஒரு நடுவர், இரண்டு அம்பயர்கள், ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவியாகக் கோட்டோரம் இருவர் என்று ஆறு பேர் வேண்டும். ஊர்ப் போட்டியில் இருவரோ மூவரோ எல்லா வேலையையும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஏழு பேர் சங்கிலியாகக் கை கோத்து நிற்க, ஒருவன் அவர்கள் நடுவில் காலை நீட்டித் துழாவி அரை நொடியில் திரும்புகிறான். அந்த அரை நொடியில் அவன் கால் விரலையும், எதிராளியின் முழங்காலையும், போனஸ் கோட்டையும், தரையை விட்டு எழுந்த மற்றக் காலையும் ஒரே மனிதர் பார்த்தாக வேண்டும்.

முன்பு காதும் கொடுத்தாக வேண்டியிருந்தது. முப்பது நொடிக் கணக்கு ஊர் ஆட்டங்களுக்கு வருவதற்கு முன்னால், ரெய்டு எவ்வளவு நேரம் என்பதை மூச்சுதான் தீர்மானித்தது. பாடிப் போகிறவன் பாட்டை விடாமல் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சை இழுத்தால் அவுட். 'பாட்ட விட்டுட்டான்', 'விடல' என்பது அன்றைய பெரிய வழக்கு. பிடித்திருக்கும் நான்கு பேரின் உறுமல், சுற்றி நிற்கும் கூட்டத்தின் கூச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவனுடைய மூச்சு அறுந்ததா என்று கேட்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். சுவாசத்தை அளப்பதை ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தகராறு மறைந்துவிட்டது. விதிப் புத்தகத்தில் பாட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. அளக்க ஒரு கருவி வந்தால் அந்த இடத்துச் சண்டை அடங்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. எல்லாவற்றையும் அப்படி அளந்துவிட முடியாது என்பதற்குச் சாட்சி ஹாங்சோவில் கிடைத்தது.

2023 அக்டோபர் 7. ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் நிற்கின்றன. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்தியக் கேப்டன் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டுக்குப் போகிறார், அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். யாரையும் தொடாமலேயே அவர் கால் லாபிக்குள் போய்விடுகிறது. அவரை மடக்கப் பாய்ந்த ஈரான் தடுப்பாளர்களும் பின்னாலேயே லாபிக்குள் வந்துவிடுகிறார்கள். தொடுகை நிகழாமல் லாபிக்குள் வந்த எல்லோரும் அவுட், ஆகவே எங்களுக்குப் புள்ளிகள் என்றது இந்தியா. ரெய்டர் கோட்டைத் தாண்டிய கணமே ரெய்டு செத்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்த எதுவும் கணக்கில் வராது, எங்களுக்கு ஒரு புள்ளி என்றது ஈரான். ஒரு தீர்ப்பு வந்தது. இந்தியா மறுத்தது. தீர்ப்பு மாறியது. ஈரான் மறுத்தது. ஆட்டக்காரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பயிற்சியாளர்களும் அதிகாரிகளும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் முடிவு இந்தியாவுக்குச் சாதகமாக வந்து, 33-29 என்று தங்கம் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றி நம் ஊர்களில் பேசியபோது, நாம் ஜெயித்தோம் என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அது போதவில்லை. ஹாங்சோவில் நடந்ததைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. கேமராக்கள் எல்லாக் கோணத்திலும் காட்டின. பவன் லாபியில் கால் வைத்தார், தொடவில்லை, தடுப்பாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இரு தரப்பும் இதை ஒப்புக்கொண்டன. தகராறு எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பதில்தான். சர்வதேசக் கூட்டமைப்பின் விதி ஒன்று, இவர்களில் பலர் ஆண்டுதோறும் ஆடும் புரோ கபடி லீக்கில் பழகிய நடைமுறை வேறொன்று. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நடுவர்களுக்கே எது செல்லும் என்பதில் ஒருமித்த குரல் இல்லை. அவர்கள் தடுமாறியதை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த ஆட்டக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரு அணியினரும் தாங்கள் நம்பி ஆடிய விதிக்காகத்தான் உட்கார்ந்தார்கள்.

ஈரான் அப்போது சாதாரண எதிரி அல்ல. 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தி, 1990 முதல் தொடர்ந்து தங்கம் வாங்கிவந்த அணியை முதல்முறையாகக் கீழே இறக்கியவர்கள். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஐந்து வருடக் கணக்கு இருந்தது. ஆனால் ஹாங்சோ ஆட்டம் முடிந்த மூன்று நாட்களுக்குள் மும்பையில் லீக்கின் ஏலம் நடந்தது. பவன் செராவத் 2.6 கோடி ரூபாய்க்குப் போனார். எதிரே ஆடிய ஈரானின் முகம்மத்ரேசா ஷாத்லூயி 2.35 கோடிக்கு. மேட்டில் எதிரெதிராக உட்கார்ந்தவர்கள் ஒரே ஏலப் பட்டியலில் அடுத்தடுத்து நின்றார்கள். கோபத்தை அவர்கள் மும்பைக்குக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை. விதியைப் பற்றிய சண்டை, மனிதர்களுக்கு இடையிலான சண்டையாக மாறாமல் இருக்க முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன். நல்லம்பள்ளிப் பக்கம் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்துவிடுகிறது.

ஏன் நடந்துவிடுகிறது? அணிகள் ஊரின் பெயரில் வருகின்றன. ஊர் என்றால் தெரு, தெரு என்றால் என்னவென்று தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்ததை இந்த மாவட்டம் மறந்துவிடவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் ஊர் அணியும் காலனி அணியும் எதிரெதிரே நிற்கும்போது 'டச் இல்ல' என்ற ஒரு சொல்லின் எடை வேறு. தொடுவதையே குற்றமாக்கி வைத்திருந்த ஒரு சமூகம், தொடுவதையே வெற்றியாக வைத்திருக்கும் ஒரு விளையாட்டை இவ்வளவு ஆசையோடு ஆடுகிறது. கபடியின் மிகப் பெரிய கொடை இதுதான் என்று நான் நம்புகிறேன். இடுப்பைக் கட்டிப் பிடித்து, கணுக்காலைப் பற்றி, வியர்வையோடு வியர்வையாக உருளும்போது அங்கே வேறு எந்தக் கணக்கும் செல்லாது. ஆனால் விசில் ஊதிய மறுநொடி பழைய கணக்கு திரும்பிவரக் காத்திருக்கிறது. அம்பயர் எந்த ஊர், எந்த ஆள் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டுவிட்டால் போதும், அதன்பிறகு பேசப்படுவது கபடி அல்ல.

மாரி செல்வராஜின் 'பைசன்' என்ற கபடிப் படம் 2025-ல் வந்தபோது இங்கே பலர் அதைத் தங்கள் கதையாகப் பார்த்தார்கள். அதற்குத் தூண்டுதலாக இருந்த மணத்தி கணேசன், தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். தெற்கிலும் வடக்கிலும் கிராமம் வேறு, மண் வேறு. ஆடுகளத்துக்கு வெளியே நிற்கும் கூட்டத்தின் பயம் ஒன்றுதான்.

ஆகவே, நடுவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள் என்ற உபதேசத்தை என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. யார் மறுத்துப் பேசலாம், யார் பேசக் கூடாது என்பது எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. வசதியான ஊரின் கேப்டன் அம்பயர் முன்னால் கையை ஆட்டிப் பேசினால் அது ஆவேசம். காலனிப் பையன் அதையே செய்தால் திமிர். பெண்கள் அணி ஆடும்போது ஒரு பெண் 'சார், நான் லாபிய மிதிக்கல' என்று சொன்னால், கோட்டுக்கு வெளியிலிருந்து 'பொட்டப் புள்ளைக்கு என்னா வாயி' என்று ஒரு குரல் வரும். கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடித் திரும்பியபோது, மாலை போட்டுக் கொண்டாடிய தமிழ்நாடு இதே தமிழ்நாடுதான். வாய் பேசாத பெண்ணால் கபடி ஆட முடியாது. பாட்டோடு போகும் ஆட்டம் இது.

மறுத்துப் பேசியவர்தான் சரி என்று காலம் காட்டிய கிரிக்கெட் சம்பவம் ஒன்று தமிழர்களுக்கு நெருக்கமானது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பந்தை, 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் எறிபந்து என்று சொல்லி ஏழு முறை நோ-பால் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் அதையே திரும்பச் செய்தபோது, இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க நடுவரின் முகத்துக்கு எதிரே விரல் நீட்டிப் பேசினார். பிறகு அணியை எல்லைக்கோடு வரை அழைத்துக்கொண்டு போனார். ஆட்டம் நின்றது. பேசி முடித்துத் திரும்ப வந்து இலங்கை 303 ரன் என்ற இலக்கைத் துரத்தி ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. ரணதுங்கவுக்கு ஆட்டச் சம்பளத்தில் பெரும்பகுதி அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் விதித்தார்கள். பின்னால் ஆய்வுக்கூடத்தில் பல பந்துவீச்சாளர்களின் முழங்கைகளை அளந்து பார்த்தபோது, தூய பந்துவீச்சு என்று கண் நம்பியவற்றிலும் முழங்கை நிமிர்வது தெரிந்தது. 15 பாகை வரை நிமிரலாம் என்று கிரிக்கெட் கவுன்சில் விதியையே மாற்றி எழுதியது. பிறவியிலேயே முழுதாக நிமிராத கையோடு முரளி 800 விக்கெட் எடுத்து 2010-ல் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். ரணதுங்க அன்று பேசாமல் தலைகுனிந்து திரும்பியிருந்தால் நடுவரின் கண்ணே கடைசி அளவாக நின்றிருக்கும்.

அதே மெல்போர்னில் 1981 பிப்ரவரியில் சுனில் கவாஸ்கர் செய்ததை நான் இதோடு சேர்க்க மாட்டேன். டென்னிஸ் லில்லி பந்தில் எல்பிடபிள்யூ என்று நடுவர் ரெக்ஸ் ஒயிட்ஹெட் விரல் தூக்கினார். பந்து மட்டையில் பட்டது என்று கவாஸ்கருக்குத் தெரியும். வெளியேறும்போது மறுமுனையில் நின்ற சேத்தன் சௌஹானையும் இழுத்துக்கொண்டு நடந்தார். அணி மேலாளர் எல்லைக்கோட்டில் தடுத்து சௌஹானைத் திருப்பி அனுப்பினார். இந்தியா அந்த டெஸ்டை 59 ரன் வித்தியாசத்தில் வென்றது. வெளியேறியிருந்தால் அந்த வெற்றி கிடையாது. பின்னாளில் கவாஸ்கரே வருந்தினார். அவருக்குத் தெரிந்த உண்மை உண்மைதான். ரணதுங்க பேசியது இன்னொருவனுக்காக. கவாஸ்கர் புறப்பட்டது தன் ஆத்திரத்துக்காக.

ஆஸ்திரேலியாவிலும் வட இங்கிலாந்திலும் ஆடப்படும் ரக்பி லீக் கபடிக்குத் தூரத்து உறவுபோலத் தோன்றும் ஆட்டம். பந்தோடு ஓடுபவனைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிடி விட்டானா, பந்தை நழுவவிட்டானா, இல்லை தட்டிப் பறித்தார்களா என்று அங்கேயும் இதே வழக்கு. பதின்மூன்று பேரும் நடுவரைச் சூழ்ந்து கத்துவதைத் தாங்க முடியாமல் கேப்டன் மட்டும் பேசலாம் என்று வைத்திருக்கிறார்கள். 2020 முதல் ஆஸ்திரேலிய லீக்கில் இன்னொன்றும் சேர்த்தார்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கக் கேப்டனுக்கு ஒரு வாய்ப்பு. பத்து நொடிக்குள் கேட்டுவிட வேண்டும். கேட்டது சரியென்று தெரிந்தால் வாய்ப்பு கையில் இருக்கும், தவறென்றால் போய்விடும்.

இதில் என்னை ஈர்ப்பது தொழில்நுட்பம் அல்ல, அந்தப் பத்து நொடி. அந்த நேரத்துக்குள் கேப்டன் நடுவரைப் பார்ப்பதில்லை, தன் ஆளைத்தான் பார்க்கிறான். 'நெஜமா உன் கை படலயா?' என்று கேட்கிறான். அதுவரை நடுவரிடம் பொய் சொல்லத் தயங்காதவன், தன் அணியின் ஒரே வாய்ப்பு பறிபோகும் என்றால் கேப்டனிடம் பொய் சொல்ல யோசிப்பான். நம் புரோ கபடியின் ரிவ்யூவிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். கேப்டன் கையால் செய்கை காட்டுவதற்கு முன் தடுப்பாளரின் முகத்தை ஒரு கணம் படிக்கிறார். முதலில் சொன்னேனே, தொடுகை அறிந்த இரண்டு சாட்சிகள் என்று, அந்தச் சாட்சிகளில் ஒருவரை உண்மை பேச வைக்கும் ஏற்பாடாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

கபடிக்கு இந்த நேர்மை அந்நியமானது அல்ல. பட்டுவிட்டது என்றால் தடுப்பாளன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பது எங்கும் காணும் வழக்கம்தான். அம்பயர் கை நீட்டும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவார்கள். நல்லம்பள்ளி வட்டாரத்தில் அப்படிப் போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆட்டம் ஆறேழு புள்ளி வித்தியாசத்தில் இருக்கும்போது எல்லோரும் தாமாகப் போகிறார்கள். கடைசி மூன்று நிமிடத்தில், ஒரு புள்ளி வித்தியாசத்தில், யாரும் போவதில்லை. அப்போது ஏழு பேரும் ஏதும் அறியாதவர்களாக நிற்கிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரனின் வாய்க்கு மதிப்பு வேண்டுமானால், முன்பு அவன் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவனை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். டச் ஆனால் நிற்கவே மாட்டான். அவன் ஒருமுறை 'படல சார்' என்று சொன்னபோது அம்பயர், வயதில் மூத்தவர், இரண்டு அடி பின்னால் போய் மற்ற அம்பயரிடம் கேட்டுத் தீர்ப்பை மாற்றினார். எதிரணிக்காரன்கூட வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் கத்திப் பெற முடியாததை அவன் இரண்டு சொல்லில் பெற்றான்.

இப்போது ஊர்ப் போட்டிகளிலும் கேமரா வந்துவிட்டது. யூடியூப் நேரலை இல்லாத பெரிய போட்டி இல்லை. கோட்டைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு கையிலும் ஒரு போன். தீர்ப்பு வந்த நொடியே நான்கு பேர் போனை நீட்டிக்கொண்டு கமிட்டி மேசைக்கு ஓடுகிறார்கள். 'பாருங்கண்ணா, தெளிவா இருக்கு பாருங்கண்ணா.' விளக்கு வெளிச்சத்தில், தூசிக்கு நடுவே, இன்னொருவன் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் எதுவும் தெளிவாக இருப்பதில்லை. இன்னொரு கோணத்தில் எடுத்த போன் வேறு கதை சொல்லும். விதியில் இதற்கு இடமும் கிடையாது. ஆனால் மேசையில் இருப்பவர் பயந்துபோய் ஒருமுறை போனைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிவிட்டால், அந்த ராத்திரி முழுவதும் அம்பயர் விசிலுக்கு மரியாதை இல்லை. போனைப் பார்ப்பதென்றால் முதல் ஆட்டத்திலிருந்து, எந்த போன், யார் பார்ப்பது, அணிக்கு எத்தனை முறை என்று சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கடைசி ஆட்டம் வரை ஒருவர் போனையும் தொடக் கூடாது.

அம்பயரின் நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்றிக் கோப்பை ஆளுயரம் வைக்கிறார்கள், முதல் பரிசைப் பல்லாயிரங்களில் அறிவிக்கிறார்கள். விசில் ஊதுபவருக்குக் கொடுப்பது பல இடங்களில் ஒரு துண்டும், பெட்ரோல் காசும், ராத்திரிச் சாப்பாடும். தகராறு முற்றினால் அவரைச் சுற்றி நிற்க யாரும் இருப்பதில்லை. கமிட்டிக்காரர்களே ஏதோ ஓர் அணியின் உறவுக்காரர்கள். உள்ளூரில் கடை வைத்திருப்பவராகவோ உள்ளூர்ப் பள்ளியில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால் அவர் நாளைக் காலை இதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். கையை ஓங்கிக்கொண்டு வரும் இருபது பேர் நடுவில் நின்று ஒரு மனிதர் நியாயம் சொல்ல வேண்டும் என்றால், அந்த நியாயத்துக்கு ஊர் கொடுக்கும் கூலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பரிசுத் தொகையில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கினால் எந்தப் போட்டியும் நின்றுவிடாது. களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினால், கையை ஓங்குகிறவன் கயிற்றைத் தாண்டி வர வேண்டியிருக்கும். தாண்டி வந்தவன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்பதும் தெரிந்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் கபடியிலும் உண்டு. மஞ்சள் காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஊர்ப் போட்டியில் அந்த அட்டைகளை யாரும் சட்டைப் பையிலிருந்து எடுப்பதில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் காரணம். கயிறும் கூலியும் இருக்கிற இடத்தில் அட்டை வெளியே வரும்.

வரும் பொங்கலுக்கு எங்கள் வட்டாரக் கமிட்டிகளிடம் கேட்டுக்கொள்ள எனக்கு இருப்பது இதுதான். முதல் ஆட்டத்துக்கு முன்னால் வந்திருக்கும் எல்லா அணிக் கேப்டன்களையும் களத்துக்குள் கூப்பிடுங்கள். எந்த விதிப்படி ஆடப் போகிறோம் என்று மைக்கில் தமிழில் படியுங்கள். லாபிக் கோட்டில் அம்பயரை நிறுத்தி, தொடாமல் இதைத் தாண்டினால் யார் அவுட், பின்னால் வருபவன் அவுட்டா இல்லையா என்று ஒருமுறை ஆடிக் காட்டச் சொல்லுங்கள். ஹாங்சோவில் ஒரு மணி நேரம் பிடித்த கேள்வி அது, இங்கே பத்து நிமிடத்தில் முடியும். கேப்டன் கேட்டால் அம்பயர் பதில் சொல்வார், வேறு யார் கேட்டாலும் சொல்ல மாட்டார் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஒரு பையனிடம் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்து எல்லாக் கோடுகளையும் மறுபடி போடச் சொல்லுங்கள். அவன் போட்டு முடித்து, அம்பயர் நடந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகு அடுத்த அணியைக் கூப்பிடுங்கள்.